அழாத ஈயம்

நல்ல வெள்ளீயக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் உள்ளே நறநறவென்று ஒரு சத்தம் கேட்கும். ஈயம் அழுகிறது என்பார்கள். உதுமான் ஈயம் வாங்கப் போனால் கம்பியைக் காதருகே வைத்து வளைத்து, அழுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மடியை அவிழ்ப்பான். பம்பாயில் தாதர் கடைக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. நாடி பார்க்க வைத்தியர் வந்துவிட்டார் என்று தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

காரீயம் கலந்திருந்தால் அழாது, வளைந்துகொண்டு சும்மா இருக்கும். காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரிக் கறுப்பாகக் கோடு விழும். இந்த இரண்டு பரீட்சையும் கைவந்த மனிதன்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். தெரியாமல் செய்துவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் வழியில்லை. விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுகிறவர்கள் உண்டு. அவர்களில் இவன் ஒருவன்.

கடையநல்லூரில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை உதுமான். பதினாறு வயதில் கப்பலேறி மலாயாவில் ஈப்போ பக்கத்து ஈயச் சுரங்கத்துக்குப் போனான். முதல் நாள் அங்கே பார்த்ததை அவனால் நம்பவே முடியவில்லை. ஈயம் என்று காட்டினார்கள், பார்த்தால் கன்னங்கரேலென்று மணல். சீனப் பெண்கள் ஓடையில் இடுப்பளவு நின்று மரத்தட்டில் அந்த மணலை அள்ளிச் சுழற்றுவார்கள். லேசான மண்ணெல்லாம் தண்ணீரோடு ஓடிவிடும், கனத்த கறுப்பு மட்டும் அடியில் தங்கும். அதைக் கரியோடு உலையில் போட்டால் பால் மாதிரி வெள்ளையாக ஓடிவரும். பத்து வருஷம் அந்த உலையடியில் நின்றான். பிறகு உலகமெல்லாம் ஈய விலை விழுந்தது, ஆட்களைக் கும்பல் கும்பலாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வந்து பீவியைக் கட்டிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கு வந்து சேர்ந்தான். தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு குடிசை. துருத்தி ஒன்று, கரிமூட்டை ஒன்று, நவச்சாரப் பொட்டலம் ஒன்று. காலையில் கிளம்பி மாதுங்காவுக்கு நடந்துபோய், கட்டடங்களின் பின்பக்கத்தில் நின்று, "ஈயம் பூசறதேய்!" என்று குரல் கொடுப்பான்.

அவனிடம் செம்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் தப்பிக்க முடியாது. "செம்பு இருக்கே தாயி, அது மண்ணுக்குள்ள பச்சைக்கல்லா கெடக்கும். சுட்டா செவந்து வரும், பாத்தா கண்ணெடுக்கத் தோணாது. ஆனா ஒரு சொட்டுப் புளி பட்டாப் போதும், திரும்பப் பச்சைக்கே போயிரும். பொறந்த வீட்டை மறக்காத பொண்ணு அது. அதுக்கு ஈயத்தால ஒரு சட்டை போட்டாத்தான் நம்ம வீட்டுல குடும்பம் நடத்தும்" என்பான். பேசிக்கொண்டே பாத்திரத்தைத் தணலில் திருப்புவான், நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றுவான். வெள்ளைப் புகை விலகும்போது உள்பக்கம் முழுநிலா மாதிரி இருக்கும். பித்தளைக்கும் அதே வைத்தியம்தான். அது செம்பும் துத்தநாகமும் சேர்ந்து பிறந்தது, புளியைக் கண்டால் அதற்கும் ஆகாது.

வாலாம்பாள் வீட்டுக்கு ஏழு வருஷமாக அவன்தான் ஈயம் பூசினான். பாலக்காட்டுக் குடும்பம், தரைத்தள வீடு. மகன் ஜகந்நாதன் கோட்டைப் பக்கத்தில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. மருமகள் நாகலக்ஷ்மி, அவளுக்கு சுப்பு என்று ஒரே பெண் குழந்தை. அந்த வீட்டில் உதுமானுக்கு எதையும் கையில் கொடுக்க மாட்டார்கள். பாத்திரத்தைக் கீழே வைத்து நகர்ந்துகொண்டால் அவன் எடுத்துக்கொள்வான். திரும்பி வரும்போது மட்டும் வாலாம்பாளுக்கு ஆட்சேபணை இல்லை. "நெருப்புல போய்ட்டு வந்ததுக்குத் தீட்டு கிடையாது" என்பாள். ஆனால் ஒரு பாத்திரம் அவனிடம் வந்ததே இல்லை. அது அவர்களுடைய ஈயச்சொம்பு. உள்ளும் புறமும் முழுக்க வெள்ளீயம், மாமியாருக்கு மாமியார் காலத்திலிருந்து வருவது. அந்த வீட்டில் ரசம் என்றால் அந்தச் சொம்பில்தான். வேறு எதில் வைத்தாலும் அது புளித்தண்ணீர் என்பது வாலாம்பாளின் தீர்ப்பு.

யுத்தம் வந்தது. நாற்பத்தொன்று மார்கழியில் ஈப்போ ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று, இரண்டே மாதத்தில் மலாயா முழுவதும் போயிற்று. கறுப்பு மணல் அங்கேயே நின்றுவிட்டது. செம்பையெல்லாம் சர்க்கார் குண்டுக்கும் தோட்டாவுக்கும் வாரிக்கொண்டது. நாற்பத்துமூன்றில் காலணாவிலேயே நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள், அந்த ஓட்டையளவு உலோகம்கூட அவர்களுக்கு வேண்டியிருந்தது. தாதரில் ஈயம் கிடையாது. இருக்கிற ஈயமும் வளைத்தால் வாய் திறக்கவில்லை. உதுமான் அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்தான். வீடுகளில் பாத்திரம் பச்சை பூத்தது. அடுத்த குடிசைக் கரீம் பாட்சா பழைய லாரி பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கி விற்றுக்கொண்டிருந்தான். "நாலுல ஒரு பங்கு வெள்ளை, மிச்சம் என் சரக்கு. யாருக்கு ஓய் தெரியப் போவுது?" என்று கேட்டான். கரீம் பாட்சாவுக்கே இரண்டு வருஷமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி, சிரித்தால் பல் ஈறு ஓரமாக மை தொட்டு இழுத்த மாதிரி ஒரு நீலக்கோடு. உதுமான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தான். அன்றைக்கு மறுத்தான்.

நாற்பத்திரண்டு மார்கழியில் ஒரு நாள் காலை, நாகலக்ஷ்மி பின்கதவைத் திறந்து அவனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது. இலையில் மூடி எதையோ கீழே வைத்தாள். எடுத்துப் பார்த்தான். வழிந்து உறைந்த ஒரு வெள்ளைக் கட்டி.

"சொம்பு, பாய். தண்ணி விட்டுட்டேன்னு நெனச்சிண்டு வெறுஞ்சொம்பைக் கரியடுப்புல வெச்சுட்டேன். கொழந்தை அழுதாள்னு போய்ட்டு வந்து பாக்கறேன், அடுப்பு பூரா ஓடியிருக்கு" என்றாள்.

ஈயச்சொம்பு உள்ள வீடுகளில் புது மருமகள்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே, தண்ணீர் இல்லாமல் அதை அடுப்பில் ஏற்றாதே என்பதுதான். வாலாம்பாள் அப்போது ஊரில் இல்லை. பம்பாயில் குண்டு விழும் என்று பயந்து எட்டு மாதம் முன்பு பாலக்காட்டுக்குப் போனவள், குண்டு விழாததால் பொங்கலுக்கு முன்னால் திரும்பி வருவதாகக் கடிதம் போட்டிருந்தாள்.

"அம்மா வரதுக்குள்ள அதே மாதிரி பண்ணித் தாங்கோ. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை இந்த ஆத்துல வெச்சுக்க மாட்டா. அவருக்குக்கூடத் தெரியாது" என்றாள்.

"அழாதீங்க தாயி. ஈப்போவுல இதைவிடப் பெருசெல்லாம் வார்த்திருக்கேன்" என்று உதுமான் தைரியம் சொல்லிவிட்டு வந்தான்.

இரண்டு ராத்தல் இருக்கும் அந்தக் கட்டி. குடிசையில் அதன் ஓரத்தை வளைத்தான். அழுதது. ஒரு வருஷமாகக் கேட்காத சத்தம். அவன் கண்ணில் தண்ணீர் வந்ததாகப் பீவி பிற்பாடு சொன்னாள். வந்திருக்கும். ஆனால் அன்றைக்கு மாலையிலேயே அவன் கரீம் பாட்சா கொட்டகைக்குப் போய்க் காரீயம் வாங்கிவந்தான். மூன்றில் இரண்டு பங்கு காரீயம், ஒரு பங்கு வெள்ளை. கல்லில் தகடாக வார்த்து, மரக்கட்டையில் தட்டி, வாய் ஒட்டி, நான்கு நாளில் சொம்பு தயார். சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மிச்ச வெள்ளீயத்தைச் சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தான்.

ஏன் செய்தான் என்றால், பசிக்காக என்று சொல்லிவிடலாம். பசி கொஞ்சம் உண்டுதான். ஆனால் பெரிய காரணம் வேறு. தை மாதம் அவன் மறுபடி மாதுங்காவில் குரல் கொடுத்தபோது, பம்பாயிலேயே உதுமானிடம்தான் சுத்த ஈயம் இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று. பெண்கள் காத்திருந்து பாத்திரம் வைத்தார்கள். அந்தப் பேச்சு அவனுக்குச் சர்க்கரைப் பொங்கலாக இருந்தது. முப்பது வீட்டுப் பாத்திரத்துக்கு நல்ல சட்டை போட்டேனே, ஒரு சொம்புதானே குறைந்தது என்று மனசுக்குள் ஒரு நியாயமும் தயாராக இருந்தது. தவிட்டுக்கு வந்த கை தனத்துக்கும் வரும் என்பார்கள், இவனுக்கு ஈயத்துக்கு வந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தன் வீட்டில் பீவிக்கு அவன் அந்த மாதம் இரண்டு புது மண்பானை வாங்கிக் கொடுத்தான். தன் வீட்டுச் சோறு எந்த உலோகத்தையும் தொட வேண்டாம் என்று பித்தளைச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டான்.

வாலாம்பாள் வந்ததும் சொம்பைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது, கைக்குத்தான் தெரிந்தது. "என்னடி இவ்வளவு கனக்கறது?" என்றாள். "எட்டு மாசமா நீங்க தூக்கலியேம்மா" என்றாள் நாகலக்ஷ்மி. அதோடு போயிற்று. அந்த வாரம் ஈயம் பூச வந்த உதுமானிடம் நாகலக்ஷ்மி இதைச் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ஒன்பது மாதம் சென்றது. புரட்டாசி, நவராத்திரிக்கு நாலைந்து நாள் இருக்கும். கொலுவுக்கு வருகிறவர்களுக்குச் சுண்டல் வேக வைக்கும் அண்டாவுக்கு ஈயம் பூச வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உதுமான் பின்முற்றத்தில் அடுப்பு மூட்டினான். கதவுப் படியில் நாகலக்ஷ்மி சுப்புவை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது, ஆனால் முன்பு ஓடினவள் இப்போது ஓடவில்லை. மெலிந்து, வெளுத்து, சாம்பல் பூத்திருந்தாள்.

"என்னன்னே தெரியலே பாய். வயத்து வலி வயத்து வலின்னு சுருண்டுக்கறது. டாக்டர் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். ரசஞ்சாதம் தவிர ஒண்ணும் எறங்கலே" என்றாள் நாகலக்ஷ்மி.

உள்ளேயிருந்து வாலாம்பாள், "ரசத்தைவிட என்ன மருந்து? தெளிவாப் பாத்து ரெண்டு கரண்டி ஜாஸ்தி விடு" என்றாள்.

குழந்தை வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டிற்று. நாகலக்ஷ்மி உதுமானைக் காட்டினாள். "பாரு, பாய் வந்திருக்கார். சாப்பிடலேன்னா சாக்குல போட்டுத் தூக்கிண்டு போயிடுவார்." உதுமான் வழக்கம்போலக் கண்ணை உருட்டி, துருத்தியை ஒரு அமுக்கு அமுக்கினான். குழந்தை பயந்து வாயை ஆவென்று திறந்தது. கீழ் ஈறில், பல்லை ஒட்டி, மை தொட்டு இழுத்த மாதிரி ஒரு நீலக்கோடு.

துருத்தியில் அவன் கை நின்றுவிட்டது. நாகலக்ஷ்மி இன்னொரு வாய் வைத்தாள், இன்னொன்று வைத்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும், 'அந்தச் சொம்பில் வைக்காதீர்கள்' என்று. ஆனால் அடுத்த கேள்வி ஏன் என்று வருமே. மாமியார் உள்ளே நிற்கிறாள், சொன்னால் இந்தப் பெண் உருக்கினது வெளியே வந்துவிடும், அவள் வாழ்வு போய்விடும் என்று நினைத்தான். அவளைக் காப்பாற்றுகிறானாம்! அந்த நினைப்புக்குப் பின்னால் வேறொரு நினைப்பு பதுங்கியிருந்ததை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? தாயும் மகளும் கிண்ணத்தை வழித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். அண்டாவுக்கு ஈயம் பூசினான். கும்பிட்டுவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து பீவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"இப்பமே போய்ச் சொல்லுங்க. பொறவு பேசிக்கிடலாம்."

"எப்படிச் சொல்லுவேன்? போலீசுக்குப் போவாங்க. மாதுங்காவுல எவன் எனக்குப் பாத்திரம் தருவான்? நல்ல சொம்பு ஒண்ணு செஞ்சு எடுத்துக்கிட்டுப் போறேன். ஒடுக்கு எடுக்கணும்னு சொல்லிப் பழசை வாங்கிட்டுப் புதுசை வச்சிருதேன். யாருக்கும் ஒரு சொல்லும் வராது."

"ஈயம் எங்கன இருக்கு?"

பானைக்குப் பின்னால் இருந்ததில் கடைசித் துண்டும் அன்றைக்கு அந்த அண்டாவோடு தீர்ந்துபோயிருந்தது. சுத்த ஈயக்காரன் என்ற பேருக்காக முப்பது வீட்டுப் பாத்திரத்தில் ஏறிவிட்டது. "நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று பீவி கேட்டாள். அவள் போனால் தன்னை உயிரோடு பார்க்க முடியாது என்றான். அவள் போகவில்லை. அதை நினைத்து அவள் பின்னாளில் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

அந்தக் காலத்தில் களிம்பு மருந்தும் பல் மருந்தும் வருகிற குழாய்கள் வெள்ளீயத்தில் இருக்கும். உதுமான் குப்பைமேடு குப்பைமேடாகப் போனான். பாண்டுப் வரைக்கும் நடந்தான். மருந்துக்கடை வாசல்களிலும் ஆஸ்பத்திரிப் பின்புறங்களிலும் கிளறினான். சில குழாய்கள் வெளியே வெள்ளையாகவும் உள்ளே காரீயமாகவும் இருந்தன. ஒவ்வொன்றையும் காகிதத்தில் தேய்த்தான், கோடு விழுந்ததை எறிந்தான். இந்தப் பரீட்சையில் தோற்கிற சரக்கைத்தான் அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கிவந்தான்! நாளுக்கு ஏழோ எட்டோ தேறும். நவராத்திரி போயிற்று. ஐப்பசி பிறந்தது. சேர்ந்ததை உருக்கிக் கம்பியாக வார்த்து வளைத்தான், அழுதது. சொம்பு தட்டி முடித்தபோது அந்த முற்றத்தில் உட்கார்ந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காலையிலேயே மாதுங்கா போனான். கட்டடத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே பட்டாசு வெடிக்க ஆரம்பித்திருந்தார்கள். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் ஒரு டிரங்குப் பெட்டி, அதன் மேல் மடித்து வைத்த புடவைகள். நாகலக்ஷ்மி படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாரும் இல்லை.

"சுப்பு எங்க தாயி?"

"போய்ட்டா பாய். ஒன்பது நாளாச்சு. இழுப்பு வந்தது, ராப்பகலா இழுத்தது. மூளைக் காய்ச்சல்னு சொன்னா."

துணியில் இருந்த சொம்பு அவன் கையில் கனத்தது. அவள் தானாகவே மேலே பேசினாள், குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன், சொம்பை உருக்கினதை. நாலு தலைமுறைச் சொம்பை அடுப்புல விட்டே, அது உன் வயத்துல விடிஞ்சுதுங்கறா. வாஸ்தவம்தானே? நாளைக்கு அண்ணா வரான், என்னைப் பாலக்காட்டுக்கு அழைச்சிண்டு போக. திரும்பி வரவேண்டாம்னுட்டா."

வாலாம்பாள் பேச்சுக்குரல் கேட்டு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரு, உதுமானா? நீயும் இவளோட சேர்ந்து என்னை ஏமாத்தினியாமே" என்றாள்.

இருபத்தாறு நாளாக வாயில் கிடந்தது இப்போது ஒரே மூச்சில் வந்தது. "உருக்கினதுல ஒரு பாவமும் இல்ல பெரியம்மா. அந்த ஈயத்துல மூணுல ரெண்டு பங்கை நான் எடுத்துக்கிட்டேன். அதுக்குப் பதிலாக் காரீயத்தைப் போட்டேன். புளி பட்டா அது வெசம். புள்ளையை அந்த ரசந்தான் கொன்னுது. நான் கொன்னேன். இந்தத் தாயி மேல ஒரு குத்தமும் இல்ல." துணியை அவிழ்த்துப் புதுச் சொம்பைப் படியில் வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

வாலாம்பாள் அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். "ரெண்டு கரண்டி ஜாஸ்தி விடுன்னேனே" என்றாள். "தினம் சொன்னேனேடி. நாகு, உன்னை என்னவெல்லாம் சொல்லிட்டேன்" என்று மருமகளின் பக்கம் கையை நீட்டினாள். நாகலக்ஷ்மி அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவள் உதுமானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டுக்காரர்கள் போலீசுக்குப் போகவில்லை. அவன்தான் அதற்குப் பிறகு மாதுங்காவில் காலடி வைக்கவில்லை. துருத்தியை எடைக்குப் போட்டுவிட்டுக் கரீம் பாட்சாவின் கொட்டகையில் பேட்டரி உருக்கப் போனான். பீவி எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. நாற்பத்தெட்டில் இறந்தபோது இரண்டு மணிக்கட்டும் துவண்டு தொங்கின, ஒரு டம்ளரைத் தூக்கமுடியாது, ஈறு முழுக்க நீலம். அல்லா கொடுத்த தண்டனை என்றார்கள் அக்கம்பக்கத்தில். பீவிக்கு மட்டும் தெரியும், நோயில் கிடந்த நாளில் அவன் முனகினதெல்லாம் அந்தப் படியில் நடந்த கடைசிப் பேச்சு என்று.

"நவராத்திரிக்கு முன்னாடி அண்டாவுக்கு ஈயம் பூச வந்தேளே" என்றாள் நாகலக்ஷ்மி. "அவளுக்கு நான் ஊட்டிண்டிருந்தேன். இதே இடத்துல."

"ஆமா தாயி."

"அப்போ தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒன்றையாவது அவன் செய்யவில்லை.

"தெரியும் தாயி. வாயைத் திறந்தப்போ பாத்தேன்."

நாகலக்ஷ்மி குனிந்து தன் வெறும் மடியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வேண்டாம் வேண்டாம்னுதான் தலையை ஆட்டினா, பாய். நான்தான் உங்களைக் காட்டிப் பயமுறுத்தி ஊட்டினேன்."